இடது சுட்டுவிரலின் நுனி

மார்ச் 4, திங்கள்

இன்று 44 பேர். எல்லாம் ஒரே குத்து.

இதைத் தினமும் எழுதி என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் வேலையில் ஏறினால் ஏறியது, நின்றால் நின்றது. என் வேலை அப்படியா? ஆஸ்பத்திரி தரைத்தளத்தில் ரத்தம் எடுக்கும் அறை, அதில் முதல் நாற்காலி. இருபத்திரண்டு வருஷமாக அது என்னுடையது. உள்ளே வருகிறவர்கள் என் பெயரைக் கேட்பதில்லை. "ஒரே குத்து அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். என் டைரிதானே.

மற்றவர்கள் நரம்பைக் கண்ணால் தேடுவார்கள். நான் விரலால் தேடுவேன். இடது சுட்டுவிரல் நுனியை முழங்கை மடிப்பில் வைத்து லேசாக அழுத்தினால் போதும், மெத்தைக்கு அடியில் கிடக்கும் கயிறு மாதிரி தட்டுப்படும். கையுறைக்குள் இருந்தால் தட்டுப்படாது. அதனால் கையுறை போட்டதும் அந்த ஒரு விரலின் நுனியை மட்டும் கிள்ளிக் கிழித்துவிடுவேன். விதிப்படி தப்பு. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. கேட்டால் என் நாற்காலிக்கு முன்னால் நிற்கும் வரிசையைக் காட்டுவேன்.

இரண்டாம் நாற்காலிக்குப் போன மாதம் மாற்றலாகி ஒருத்தி வந்திருக்கிறாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். கையில் ஒரு விளக்கு; தோல்மேல் அடித்தால் நரம்பு கருங்கோடாகத் தெரியும். அவள் அதைப் பார்த்துப் பார்த்துக் குத்துவாள். அவளுக்கு டார்ச்லைட் என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் அறை முழுக்கப் பரவிவிட்டது. அவள் காதிலும் விழுந்திருக்கும்.

காலையில் வருகைப் பதிவு இயந்திரம் இன்றும் என் சுட்டுவிரலை ஏற்கவில்லை. "மீண்டும் முயற்சிக்கவும்." நாலு தடவை. பாழாய்ப்போன மருதான் காரணம். நுனியில், சரியாக ரேகையின் நடுவில், மிளகு அளவு. ஒன்றரை வருஷம் ஆகிறது. மருந்துத் தண்ணீர் தடவினேன். உறைய வைத்தார்கள். சுட்டார்கள். மூன்று தடவையும் போன மாதிரி போய்விட்டு, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது மொத்தம் ஏழு. இடது சுட்டுவிரலில் மூன்று, கட்டைவிரலில் இரண்டு, வலது கை விரல் முட்டியில் இரண்டு.

ஞாயிறு ஞாயிறு பிளேடால் மேல்தோலைச் சீவிவிடுகிறேன். வாரம் ஓடிவிடுகிறது.

மார்ச் 6, புதன்

39. எல்லாம் ஒரே குத்து. ஒன்றை மட்டும் குத்துமதிப்பாகக் குத்தினேன். நல்லவேளை, ரத்தம் வந்தது.

மார்ச் 8, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நல்ல நாளை மட்டும் எழுதுவதற்குப் பெயர் கணக்கு இல்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை கணக்கு டீச்சர் வருவார். மார்பில் கட்டியை எடுத்துவிட்டு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றும் முன் ரத்தம் பார்க்க வேண்டும். ஆபரேஷன் இடது பக்கம் என்பதால் அந்தக் கையில் ஊசி கூடாது. இருப்பது வலது கை ஒன்றுதான். அதிலும் மருந்து போய்ப் போய் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டுவிட்டது. ஆறு தடவையும் நான்தான் எடுத்தேன். ஊசியைப் பார்க்கப் பயந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு பகா எண்களைச் சொல்வார். "ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு..." ஏழைத் தாண்ட நான் விட்டதில்லை.

இன்றும் வழக்கம்போல என் வசனத்தைச் சொன்னேன்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மருவின் கட்டித்தோல் நடுவில் நிற்கிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. குத்தினேன். இல்லை. ஊசியை உள்ளேயே திருப்பினேன். இல்லை. இரண்டாவது குத்து. இல்லை. டீச்சர் பத்தொன்பது, இருபத்து மூன்று என்று போய்க்கொண்டிருந்தார். கடைசியில் புறங்கையில் எடுத்தேன். அப்போது அவர் நாற்பத்தேழில் இருந்தார். கண் ஓரத்தில் தண்ணீர்.

"பரவாயில்லம்மா, எல்லா நாளும் ஒரே மாதிரியா இருக்கு?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டாரே. என்னைப் பார்த்து, பரவாயில்லை.

இன்று 40. 37 ஒரே குத்து. இரண்டு பேருக்கு இரண்டு. ஒருத்தருக்கு மூன்று.

மார்ச் 9, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பட்டன் வேலை செய்யலைன்னா லிஃப்ட்டைப் போட்டு உதைக்கக் கூடாது, பட்டனை மாத்தணும்" என்றார். இந்த ஆளுக்கு எல்லாமே லிஃப்ட்தான். ஆனால் சொன்னது சரி.

மார்ச் 12, செவ்வாய்

மூன்றாம் மாடி, தோல் டாக்டர். என் வயதுப் பெண். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சீவினீங்களா?"

"லேசா."

"பிளேடாலயா?"

"புது பிளேடு, டாக்டர்."

"புதுசோ பழசோ, நீங்களே பாத்தி கட்டி நாத்து நட்டிருக்கீங்க. ஒன்னு ஏழானது இப்படித்தான்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், இது கூடவா தெரியாது? தெரியும். அடுத்தவருக்கு என்றால் தெரியும்.

ஊசி போடலாம் என்றார். கையில் இடுப்பில் இல்லை, மருவுக்குள்ளேயே. "சுடறது, உறைய வைக்கிறது எல்லாம் வெளியில தெரியறதை அழிக்கும். உள்ள இருக்கிற கிருமி அப்படியே உக்காந்திருக்கும். உங்க உடம்பு அதை எதிரின்னே கண்டுக்கலை. நம்ம வீட்டு ஆளுன்னு நினைச்சு சோறு போட்டு வளர்க்குது. மருவுக்குள்ள ஊசி போட்டு உடம்பைத் தட்டி எழுப்பினா, அது வந்து பார்த்துட்டு, யாருடா நீன்னு கேக்கும். பெருசுல போட்டா மத்ததும் சேர்ந்து போகலாம்."

"போகலாமா, போயிடுமா?"

"போகலாம். நிறைய பேருக்குப் போகுது. எல்லாருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இரண்டு வகை மருந்து இருக்கிறதாம். ஒன்று மருவையே கொல்கிற மருந்து, கொஞ்சம் சீக்கிரம். ஆனால் விரல் நுனியில் போட்டால் சிலருக்குப் பிற்பாடு நுனி மரத்துப்போவதும் உண்டு. இன்னொன்று குழந்தைகளுக்குத் தட்டம்மைக்குப் போடும் தடுப்பூசி. மூன்று வாரத்துக்கு ஒன்று, மூன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் மரத்துப்போன நுனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தடுப்பூசி என்றேன்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"வேலையில கிளவுஸ் போடுறீங்கல்ல?"

போடுகிறேன் என்றேன். பேசாமல் அதோடு விட்டிருக்கலாம். வாய் விடவில்லை. "இந்த விரல் நுனியை மட்டும் கிழிச்சுடுவேன், டாக்டர். நரம்பு தட்டுப்படணும்ல."

அவர் என் விரலைத் திரும்பவும் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பிறகு, "அந்த நுனியிலதானே மரு இருக்கு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நல்ல தோலில் பட்டால் ஒட்டுவது குறைவுதான். ஆனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார்.

டீச்சர். எனக்கு வேறு யாருமே நினைவுக்கு வரவில்லை. ஆறு தடவை அந்தக் கையை இந்த நுனியால்தானே தடவித் தடவிப் பார்த்தேன்.

அப்புறம் ஊசி. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், உங்க வசனம்தான்" என்றார். எந்த ஊர் எறும்பு அது? விரல் நுனியைத் தட்டில் வைத்து, சுத்தியலால் அடித்து, அதன்மேல் வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. நான் கத்தவில்லை. சத்தம் தானாக வந்தது. வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேரிடம் அந்த எறும்புப் பொய்யைச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 13, புதன்

விரல் வீங்கி, லேசான காய்ச்சல். கட்டுக்கு மேல் முழுக் கையுறை. 33 பேர். ஐந்து பேருக்கு மறுகுத்து.

எங்கள் லேப் சீஃப்பிடம் சொல்ல வேண்டுமா? யாரும் கேட்கவில்லையே. இன்றுமுதல்தான் முழுக் கையுறை போட்டுவிட்டேனே. பிறகென்ன?

பிறகென்னவா? நீ ஒன்றரை வருஷம் யார் யாரைத் தொட்டாய் என்பதுதான்.

மார்ச் 15, வெள்ளி

சீஃப்பிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அவர் முன்னால் அழுவதற்கு நான் வேறு பிறவி எடுக்க வேண்டும்.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"அதனாலதான் சார் சொன்னேன்."

மரு போய்விட்டது என்று தோல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் வரை ஊசி தொடக்கூடாது. திங்கள் முதல் டோக்கன் கவுண்டர். ஜூன் பிறந்தும் சரியாகவில்லை என்றால் கவுண்டரே நிரந்தரம். முதல் நாற்காலிக்கு வேறு ஆள் போட்டாக வேண்டும். நியாயம். நான் சீஃப்பாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என்ன, இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பேன்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருபத்திரண்டு வருஷம் வேலையில என்ன கிழிச்சேன்னு யாராவது கேட்டா, இனிமே உனக்குப் பதில் இருக்கு" என்றார். தலையணையை எடுத்து எறிந்தேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் சிரிப்பை முதலில் நிறுத்தினேன்.

மார்ச் 18, திங்கள்

கவுண்டர். 212 டோக்கன். குத்து: பூஜ்ஜியம்.

மார்ச் 20, புதன்

வருகிறவர்கள் எல்லாம், "நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கையில் மரு, சரியானதும் வருவேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். "அந்த விரலால உங்களையும் தொட்டிருக்கேன். உங்களுக்கு ஏதாவது முளைச்சா மூணாம் மாடியில காட்டுங்க" என்பதையும் சேர்த்து. முதல் ஆளிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது ஆளுக்குச் சரளமாக வந்துவிட்டது. இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஒரு லாரி டிரைவர், "அது கிடக்குது, சீக்கிரம் வாங்கக்கா, அந்த விளக்கு அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்துட்டே இருக்காங்க, எனக்கு மயக்கமே வந்துடுது" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. இருக்கக்கூடாது. இருந்தது.

மார்ச் 25, திங்கள்

கவுண்டர் கண்ணாடி வழியாக டார்ச்லைட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விளக்கடித்துப் பார்க்கிறாள், சரி. ஒவ்வொரு ஆளுக்கும் கையுறையை மாற்றுகிறாள். நுனியைக் கிழிக்கவில்லை. குத்தும் முன் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறாள். நான் முகத்தைப் பார்ப்பேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்குக் கைகள்தான் நினைவில் இருக்கின்றன. முகம் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

இன்று டீச்சர் வரும் நாள்.

டோக்கன் வாங்க வந்தவரை, கவுண்டரைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, ஓரத்து பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மரு, கிழித்த கையுறை, ஆறு தடவை. "உங்க கையை ஒரு தடவை பார்க்கணும், டீச்சர்" என்றேன்.

டீச்சர் நல்லவர்தான். ஆனால் மனுஷிதானே.

"எனக்கு இருக்கிற வியாதி போதாதாம்மா?" என்றார்.

சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும். நான் தலையைக் குனியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குனிந்தால் அவருக்கு இன்னும் கஷ்டம், என்னை வேறு அவர் தேற்ற வேண்டியிருக்கும்.

பிறகு முழுக்கைச் சட்டையின் கையை மேலே ஏற்றி நீட்டினார். முழங்கை மடிப்புக்குக் கீழே, நான் எப்போதும் குத்தும் இடத்தில், கடுகு அளவில் ஒரு முண்டு. தொட்டுப் பார்க்கவும் முடியாது. எந்தக் கையால் தொடுவேன்?

தோல் டாக்டர் இன்று விடுமுறை. திங்கட்கிழமைக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். "சொன்னீங்க பாருங்க, அதுவரைக்கும் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார். டார்ச்லைட்டின் நாற்காலி.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விளக்கு போகிறது, வருகிறது. மேலே, கீழே. டீச்சரின் கையில் விளக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. நரம்பு அவ்வளவு ஆழம். டார்ச்லைட் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். அறையில் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"குத்தித் தேட எனக்கு இஷ்டம் இல்லை. அந்தம்மா ஏற்கெனவே கண்ணை மூடிட்டாங்க" என்றாள். "டார்ச்லைட்டுக்கு வெளிச்சம் மட்டும்தான் இருக்கு. இடம் உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க."

காதில் விழுந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. அதைச் சொல்லிவிட்டு முகத்தில் ஒரு கோபம்கூட இல்லாமல் நிற்கிறாள். இந்த மாதிரி நான் ஒருத்தியிடம் போய் நின்றிருப்பேனா? செத்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

நான் கண்ணை மூடினேன். மூடினால்தான் விரலுக்கு நினைவு வரும்.

"பழைய இடம் வேண்டாம், அங்க ஒரு முண்டு இருக்கு. மடிப்புல இருந்து ரெண்டு விரக்கடை கீழே வாங்க. வெளிப்பக்கம் ஒரு மச்சம் இருக்கும். மச்சத்துக்கு உள்பக்கமா அரை விரக்கடை. அங்க ஒன்னு குறுக்கா ஓடுது, நேரா இல்லை. மேலாப்ல கிடைக்காது, கொஞ்சம் சரிச்சு ஆழமா இறங்கணும். ரப்பர் பட்டையை இறுக்காதீங்க, இறுக்கினா ஓடிடும். கையைக் கீழே தொங்கப்போடச் சொல்லி ஒரு நிமிஷம் விட்டுட்டுக் குத்துங்க."

ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. போனாள். நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். டோக்கன் கேட்டு யாரோ தட்டினார்கள், இருங்க என்றேன். டீச்சரின் உதடு அசைகிறது. ரெண்டு. மூணு. அஞ்சு. ஏழு—

டியூபில் ரத்தம் ஏறியது.

நான் தொடாமல். கவுண்டரில் நின்றுகொண்டே. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் குத்தியிருக்கிறேன், இது மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது கிடையாது. அந்த முண்டு நினைவுக்கு வந்ததும் திரும்பவும் சுருங்கிவிட்டது. இரண்டும் ஒரே நாளில்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இரண்டாவது ஊசி. அதற்கு முன்னால் டாக்டர் அறைக் கதவைத் திறந்ததுமே கேட்டேன்: "டீச்சருக்கு?"

"நேத்து வந்தாங்க. மரு இல்லை. ஊசித் தழும்பு."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒரே புள்ளியில ஆறு தடவை குத்தினா தழும்பு கட்டாம என்ன பண்ணும்? யாரு குத்தினது?"

"நான்தான்."

"ஒரு நூல்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகலை" என்றார்.

அது பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் குணம் அப்படி. இருந்தாலும், இனிமேல் இடத்தை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஊசி போடும்போது டீச்சரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொன்னு, பதிமூணு, பதினஞ்சு. "பதினஞ்சு பகா எண் இல்லை" என்றார் டாக்டர், ஊசியை எடுத்துக்கொண்டே. வலியில் யாருக்குக் கணக்கு வரும்? டீச்சருக்கு நாற்பத்தேழு வரை தப்பாமல் வந்ததே. அந்த அம்மாவுக்கு எவ்வளவு தைரியம்.

ஏப்ரல் 11, வியாழன்

வலது கை முட்டியில் இருந்த இரண்டும் கறுத்துச் சுருங்கிவிட்டன. அந்தக் கையில் ஊசியே போடவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கீழ்த்தளத்துல பட்டன் அமுக்கினா மேல்தளத்துல கதவு திறக்குது" என்றார். ஆமாம் போ.

ஏப்ரல் 19, வெள்ளி

டீச்சர் வந்தார். டார்ச்லைட் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. ஏழு வரைதான்.

கொஞ்சம் எரிந்தது. பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மூன்றாவது ஊசி. கட்டைவிரலில் இருந்தவையும் சுட்டுவிரலின் மற்ற இரண்டும் போயே போய்விட்டன. நுனியில் இருந்த தாய் மரு மட்டும் தட்டையாகி, பாதி உதிர்ந்து நிற்கிறது. அதில்தான் ஊசி, அதற்குத்தான் பிடிவாதம். என் விரல், என் குணம்.

மே 2, வியாழன்

மாற்றம் இல்லை. இந்த மாதம் போனால் ஜூன். கவுண்டர் நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கித் தரட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்று கத்திவிட்டேன். பாவம், அவர் நல்லதுக்குத்தான் கேட்டார்.

மே 9, வியாழன்

குளிக்கும்போது உதிர்ந்துவிட்டது. கீழே தேடினேன், கிடைக்கவில்லை. தேடி என்ன செய்யப் போகிறேன், மாலை போடவா?

நுனி குழந்தைத் தோல் மாதிரி சிவந்து இருக்கிறது. கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன். ஆளைக் காணோம்.

மே 10, வெள்ளி

டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரேகை அறுபடாமல் ஓடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியதாம். மரு இருந்தால் ரேகை அந்த இடத்தில் நின்றுவிடும். "ஓடுது" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்ப வந்தால் பிளேடைத் தொடாமல் நேரே தன்னிடம் வர வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

சீஃப் சீட்டைப் படித்துவிட்டு, "திங்கட்கிழமை முதல் நாற்காலி" என்றார். அப்புறம், "முழு கிளவுஸ்" என்றார்.

"சொல்லணுமா சார்?"

"சொல்லணும்" என்றார்.

மே 13, திங்கள்

வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்தேன். "நன்றி." முதல் தடவையே. பின்னால் வரிசையில் டார்ச்லைட் நின்றாள். இன்னொரு தடவை வைத்தேன். "ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்றது. அவள் சிரித்துவிட்டாள்.

முழுக் கையுறை. முதல் ஆளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. தட்டுப்படவில்லையே என்று கை தானாக நுனியைக் கிள்ளப் போனது. பழக்கம் அப்படி. கையை இழுத்துக்கொண்டேன். கண்ணை மூடி, அழுத்தாமல், விரலை மெதுவாக உருட்டிப் பார்த்தேன். இருந்தது. கையுறைக்குள் இருந்தே தட்டுப்பட்டது. மெல்லத் தேடினால் தட்டுப்படும். நான்தான் இத்தனை வருஷம் அவசரப்பட்டிருக்கிறேன்.

எறும்பு வசனத்தை விட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்து, "வலிக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்கிறேன். யாரும் அதற்காக எழுந்து ஓடவில்லை.

36. ஒரே குத்து 33. மறுகுத்து 3. எழுதியாயிற்று.

மே 31, வெள்ளி

டீச்சருக்குக் கடைசி மருந்து. உள்ளே வந்தவர் இரண்டு நாற்காலியையும் பார்த்தார். இரண்டும் காலி. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

டார்ச்லைட் எழுந்தாள். "தாகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் தண்ணீர் பாட்டில் மேஜைமேல் நிறைந்தே இருந்தது.

டீச்சர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை ஏற்றுவதற்கு முன் என் கையைக் காட்டச் சொன்னார். வீட்டுப்பாட நோட்டைப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார். நான் கையுறை போட்டேன், நுனி வரை. புது இடம் தேடினேன்.

"வலிக்கும், டீச்சர்."

"தெரியும்மா" என்று கண்ணை மூடினார். "ரெண்டு, மூணு, அஞ்சு—"

ஏழைச் சொல்ல நான் விடவில்லை.

ஜூன் 6, வியாழன்

ஊழியர்களுக்கு வருஷாந்தரப் பரிசோதனை. எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் என் ரத்தத்தை நானேதான் எடுத்துக்கொண்டேன். பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, வலது கையால் குத்தி. வேறு ஒருத்தர் கையில் என் கையைக் கொடுத்ததில்லை. அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்று போய் இரண்டாம் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டார்ச்லைட் விளக்கை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் கீழே வைக்கப் போனாள்.

"உன் கை, உன் விளக்கு. போடு" என்றேன்.

முதல் தடவையாக அவளை நீ என்று சொல்லியிருக்கிறேன். அவளும் கவனித்தாள். விளக்கை அடித்துப் பார்த்தாள். அப்புறம் விளக்கை வைத்துவிட்டு, கண்ணை மூடி, கையுறை விரலை மெதுவாக உருட்டினாள். யாரிடம் கற்றாள் என்று கேட்க வேண்டியதே இல்லை, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் பார்வை உண்டு.

"வலிக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்றாள், என் முகத்தைப் பார்த்து.

ரெண்டு, மூணு—

இன்று 43. என்னுடையது 42, அதில் மறுகுத்து இரண்டு. என் கையில் டார்ச்லைட் குத்தியது ஒன்று. ஒரே குத்து.